நாஸ் பெட்டியோடு கணினி பேசாதபோது எங்கிருந்து தேடத் தொடங்குவது

வீட்டிலும் சிறிய அலுவலகங்களிலும் எல்லாருடைய கோப்புகளையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளப் பயன்படும் நெட்வொர்க் சேமிப்புச் சர்வரைச் சுருக்கமாக நாஸ் என்கிறோம். சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்களின் பெட்டியாக அதை வாங்கலாம். பழைய கணினியில் ட்ரூநாஸ் என்ற நாஸ் இயங்குதளத்தை நிறுவியோ, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை நிறுவியோ நாமே அமைத்துக்கொள்ளவும் செய்யலாம். அதிலுள்ள கோப்புகளை எட்டிப் பிடிக்கும் மென்பொருளே கிளையன்ட். விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர், மேக்கின் ஃபைண்டர், கைப்பேசியின் கோப்பு மேலாளர், டிவியில் ஓடும் ‘கோடி’ என்ற வீடியோ செயலி, இரவில் தானாக இயங்கும் பேக்கப் மென்பொருள் ஆகிய எல்லாமே கிளையன்ட்தான்.

நேற்றுவரை திறந்த கோப்புறை இன்று திறக்காதபோது, நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்றோ அனுமதி இல்லை என்றோ ஒரு செய்தி வரும். அந்தச் செய்தியை எழுதுவது கிளையன்ட். தன் பக்கம் நடந்ததை மட்டுமே அது அறியும் என்பதால், பழுது இருக்கும் இடத்தைப் பல நேரங்களில் தவறாகவே சொல்கிறது. ஆகவே செய்தியை மட்டும் நம்பி அமைப்புகளை மாற்றத் தொடங்காமல், இணைப்பு எந்தப் படி வரை ஒழுங்காக நடந்தது என்று கீழிருந்து மேலாகப் பார்த்துச் செல்வதே குறுக்கு வழி. முகவரி, பெயர், போர்ட் (ஒரு சேவை அழைப்பை ஏற்கும் எண்ணிட்ட வாசல்), நெறிமுறையின் (இரு கருவிகள் பேசிக்கொள்ளும் முறையின்) பதிப்பு, பயனர் அடையாளம், கோப்புறை அனுமதி என்பது அந்த வரிசை. ஒரு படி சரியென்று உறுதியாகும் வரை அடுத்ததைத் தொட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டே மேலே செல்ல வேண்டும். நான்கு அமைப்புகளை ஒரே மூச்சில் மாற்றியவருக்கு, இணைப்பு திரும்பி வந்தாலும் எது சரிசெய்தது என்று தெரியாது.

தொடங்குமுன் கேட்க வேண்டியவை

எல்லாச் சாதனங்களுக்கும் நாஸ் கிடைக்கவில்லையா, ஒன்றுக்கு மட்டுமா? எல்லாவற்றுக்கும் கிடைக்கவில்லையென்றால் பழுது நாஸிலோ ரௌட்டரிலோ இருக்கிறது. மடிக்கணினியில் மட்டும் திறக்காமல் கைப்பேசியில் திறக்கிறதென்றால், நாஸைத் தொடுமுன் மடிக்கணினியைப் பாருங்கள். கடைசியாக வேலை செய்த நாளுக்குப் பிறகு என்ன மாறியது என்பதும் முக்கியம். விண்டோஸ் அப்டேட், ரௌட்டர் மாற்றம், நாஸின் மென்பொருள் மேம்படுத்தல், யாரோ மாற்றிய கடவுச்சொல், புதிதாக நிறுவிய விபிஎன் ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

அடுத்து, நாஸின் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறந்து பாருங்கள். சினாலஜியில் அது இயல்பாக 5000 அல்லது 5001 போர்ட்டிலும், கியூநாப்பில் 8080 போர்ட்டிலும் இருக்கும். பக்கம் திறந்தால் மின்சாரம், கேபிள், முகவரி மூன்றையும் பற்றிய கவலை நீங்கியது. ஆனால் நிர்வாகப் பக்கமும் கோப்புப் பகிர்வும் ஒரே பெட்டிக்குள் ஓடும் இரு வேறு நிரல்கள். ஒன்று நலமாக இருப்பதால் மற்றதும் நலம் என்று கொள்ள முடியாது.

முகவரி

நாஸின் ஐபி முகவரியை ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில், இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் காணலாம். அது 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையைக் கொடுத்தால் உங்கள் கணினியின் முகவரி தெரியும். முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் வீட்டு நெட்வொர்க்கில் பெரும்பாலும் 255.255.255.0 என்றிருக்கும், அப்படியிருந்தால் இரு முகவரிகளிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும்.

அவை ஒன்றாக இல்லாததற்கு நம் வீடுகளில் அடிக்கடி காணும் காரணம் இரண்டு ரௌட்டர்கள். இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டியே ஒரு ரௌட்டர். வைஃபை எட்டவில்லை என்று வாங்கி அதோடு இணைத்த கருவி இன்னொரு ரௌட்டர். நாஸ் முதல் பெட்டியில் 192.168.1 வரிசையிலும், மடிக்கணினி இரண்டாவதன் கீழே 192.168.0 வரிசையிலும் இருந்தால், மடிக்கணினியிலிருந்து நாஸின் முகவரியை நேரடியாகக் கொடுத்து எட்டிவிடலாம்; ஆனால் நாஸ் தானாகப் பட்டியலில் தென்படாது. மாறாக, நாஸ் இரண்டாவது ரௌட்டரின் கீழேயும் மடிக்கணினி முதல் பெட்டியிலும் இருந்தால் முகவரி கொடுத்தாலும் எட்ட முடியாது. இரண்டாவது ரௌட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே நெட்வொர்க்காகும். இதற்குச் செலவில்லை என்பதால், வேறு எதையும் முயலுமுன் இதைச் செய்துவிடுவது நல்லது.

கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது ரௌட்டரிடமிருந்து முகவரி பெறாமல் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேபிளையும் ரௌட்டரையும் பாருங்கள். கைப்பேசி விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தால் இணையம் கிடைக்கும், நாஸ் கிடைக்காது. விருந்தினரை வீட்டுச் சாதனங்களிடமிருந்து பிரித்து வைப்பதே அந்த வைஃபையின் வேலை. அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினிகளிலும் உள்ளூர் முகவரிகள் எட்டாமல் போவதுண்டு. அதைச் சற்று நிறுத்திச் சோதியுங்கள்.

ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் ‘பிங்’ கட்டளையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பதில் வந்தால் அந்த முகவரியில் ஏதோ ஒரு சாதனம் இருக்கிறது என்பதுதான் உறுதியாகிறது. அது நாஸ்தான் என்பதல்ல. முகவரி மாறிப்போய், பழைய முகவரியை இப்போது ஒரு டிவி வைத்திருக்கக்கூடும். பதில் வராவிட்டாலும் நாஸ் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். நெட்வொர்க் அழைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால்கள் பிங்கை மட்டும் தடுத்துவிட்டு மற்றவற்றை அனுமதிப்பது வழக்கம். முகவரி மாறும் தொல்லையை ஒழிக்க, ரௌட்டரில் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி பகுதியில் நாஸுக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிட வேண்டும்.

பெயரும் பட்டியலும்

எக்ஸ்ப்ளோரரின் நெட்வொர்க் பகுதியில் நாஸின் சின்னம் காணாமல் போனால் புதியவர்கள் பதறிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாததும் இணைப்பு இல்லாததும் ஒன்றல்ல. பழைய விண்டோஸ் இந்தப் பட்டியலைத் தயாரிக்க, கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பை (எஸ்எம்பி 1) சார்ந்திருந்தது. இப்போது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற முறை 3702 போர்ட்டில் அந்த வேலையைச் செய்கிறது. நாஸில் அந்தச் சேவை அணைந்திருந்தாலோ, உங்கள் வைஃபையை விண்டோஸ் ‘பப்ளிக்’ என்று வகைப்படுத்தியிருந்தாலோ பட்டியல் காலியாகவே இருக்கும். வீட்டு நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ என்று மாற்றி, ‘நெட்வொர்க் டிஸ்கவரி’யை இயக்குங்கள்.

உண்மையான சோதனை வேறு. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் \\192.168.1.50 என்று எழுதி என்டர் தட்டுங்கள். மேக்கில் ஃபைண்டரிலிருந்து கமாண்ட், கே விசைகளை அழுத்தி, smb:// என்ற முன்னொட்டோடு அதே முகவரியைக் கொடுங்கள். முகவரியால் திறந்து பெயரால் திறக்கவில்லையென்றால் பழுது பெயரை முகவரியாக மாற்றும் இடத்தில் மட்டுமே இருக்கிறது. நாஸையோ கடவுச்சொல்லையோ ஆராய வேண்டியதில்லை. முகவரியை ஒதுக்கிவைத்துவிட்டவர்கள் பெயரை மறந்துவிட்டு எப்போதும் முகவரியையே பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் கருத்து.

ஆப்பிள் சாதனங்களுக்கு மட்டும் உரிய ஒரு தடை உண்டு. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைத் தேட ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்க வேண்டும். 2024-இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவிலும் அதே விதி வந்தது. முதல் நாள் அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று அழுத்தியவருக்குச் செயலி அதன்பின் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று மட்டுமே சொல்லும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் ‘லோக்கல் நெட்வொர்க்’ பட்டியலைத் திறந்து அந்தச் செயலிக்கு எதிரே உள்ள பொத்தானை இயக்கினால் போதும்.

போர்ட்

முகவரி சரி, ஆனாலும் திறக்கவில்லை என்றால், அந்த முகவரியில் உரிய சேவை காதைத் திறந்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கோப்புப் பகிர்வான எஸ்எம்பி 445 போர்ட்டில் இயங்குகிறது. நாஸை எட்டும் வேறு முறைகளான என்எஃப்எஸ் 2049, ஐஸ்கசி 3260, எஸ்எஃப்டிபி 22. வீடியோ சர்வர்களான பிளெக்ஸ் 32400, ஜெல்லிஃபின் 8096. விண்டோஸின் பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளைக்கு நாஸின் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால், கடைசி வரியில் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ என்று பதில் வரும்.

‘ஃபால்ஸ்’ வந்தால் அது எவ்வளவு நேரத்தில் வந்தது என்று கவனியுங்கள். ஓரிரு வினாடிகளில் வந்தால், அந்த முகவரியில் இருக்கும் கருவி உங்கள் அழைப்பைப் பெற்று, அப்படியொரு சேவை இங்கே இல்லை என்று மறுத்திருக்கிறது; நாஸில் எஸ்எம்பி சேவை அணைந்திருக்கும், அல்லது முகவரி வேறொரு சாதனத்தினுடையது. சுமார் 20 வினாடி இழுத்தபின் வந்தால், அழைப்பை ஏதோ ஒன்று வழியில் விழுங்கிவிடுகிறது. நாஸின் ஃபயர்வால், கணினியில் நிறுவிய வைரஸ் எதிர்ப்பு மென்பொருள், ரௌட்டரின் தனிமைப்படுத்தும் அமைப்பு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். நாஸ்களில் இருக்கும் தானியங்கித் தடையும் இப்படித்தான் நடந்துகொள்ளும். தவறான கடவுச்சொல்லோடு குறிப்பிட்ட தடவைக்கு மேல் வரும் முகவரியை நாஸ் தன் தடைப்பட்டியலில் சேர்த்துவிடும். கடவுச்சொல்லை மாற்றிய பிறகு, பழையதைச் சேமித்து வைத்திருக்கும் ஒரு பேக்கப் செயலி இரவெல்லாம் தட்டிக்கொண்டே இருந்தால், காலையில் அந்தக் கணினிக்கு மட்டும் நாஸ் முற்றிலும் இல்லாததுபோல் ஆகிவிடும். நிர்வாகப் பக்கம்கூடத் திறக்காது. வேறொரு சாதனத்திலிருந்து நிர்வாகப் பக்கத்துக்குள் சென்று தடைப்பட்டியலைப் பாருங்கள்.

நெறிமுறையின் பதிப்பு

போர்ட் திறந்திருந்தும் இணைப்பு அமையவில்லையென்றால், இரு தரப்பும் ஒரே எஸ்எம்பி பதிப்பை ஏற்கின்றனவா என்பது அடுத்த கேள்வி. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கணினிகளை முடக்கியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், நிறுவாதவர்கள் சிக்கினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் எஸ்எம்பி 1 படிப்படியாக விலக்கப்பட்டது. நாஸ்கள் பலவற்றின் உள்ளே ஓடும் சாம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பில் எஸ்எம்பி 1-ஐ இயல்பாக அணைத்துவிட்டது.

ஆகவே பத்தாண்டு பழைய நாஸும் புதிய கணினியும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் போகலாம். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் தீர்வு, விண்டோஸ் அம்சங்களின் பட்டியலில் எஸ்எம்பி 1-ஐ மீண்டும் இயக்குங்கள் என்பதாக இருக்கும். அது வேலை செய்யும்; ஆனாலும் செய்யாதீர்கள். முதலில் நாஸின் மென்பொருளை மேம்படுத்தி, அதன் எஸ்எம்பி அமைப்பில் குறைந்தபட்சப் பதிப்பு 2 என்றும் உயர்ந்தபட்சப் பதிப்பு 3 என்றும் வையுங்கள். எஸ்எம்பி 2-ஐ ஏற்கும் மேம்படுத்தலே இல்லாத நாஸ் என்றால், உள்ளேயிருப்பதை எஃப்டிபி வழியாக வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அதற்கு ஓய்வு கொடுப்பதுதான் முறை.

இதன் மறுபக்கத்தை அலுவலகங்களில் காணலாம். நாஸை மேம்படுத்திய மறுநாள், கணினிகள் எல்லாம் ஒழுங்காக இருக்க, ஸ்கேன் செய்த பக்கங்களை நாஸ் கோப்புறைக்கு அனுப்பும் பழைய ஜெராக்ஸ் இயந்திரம் மட்டும் பிழை காட்டும். அந்த இயந்திரத்துக்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். அதற்காக நாஸ் முழுவதையும் பழைய பதிப்புக்கு இறக்க வேண்டாம். இயந்திரத்தின் அமைப்பில் எஃப்டிபி இருந்தால், ஸ்கேன் கோப்புறை ஒன்றை மட்டும் எட்டக்கூடிய தனிப் பயனரை நாஸில் உருவாக்கி அதைக் கொடுத்துவிடுங்கள்.

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னொரு அலையைக் கிளப்பியது. அதன் ப்ரோ பதிப்பில், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. எஸ்எம்பி செய்திகளில் டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயம். கடவுச்சொல்லே இல்லாமல் நாஸைத் திறந்து வைத்திருந்த வீடுகளில், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை இதை அனுமதிக்கவில்லை என்ற செய்தி வந்தது. எந்த நிறுவனம் என்று குழம்ப வேண்டாம். வீட்டுக் கணினியிலும் அதே வாசகம்தான். கொள்கையைத் தளர்த்தும் வழி இருக்கிறது, ஆனால் நாஸில் பயனர் ஒருவரை உருவாக்கி அவருக்குக் கடவுச்சொல் வைப்பது இரண்டு நிமிட வேலை. கையொப்பம் பற்றிய பிழை வந்தால் நாஸின் எஸ்எம்பி அமைப்பில் ‘சைனிங்’ வசதியை இயக்குங்கள்.

லினக்ஸ் பயனருக்கு ஒரு குறிப்பு. நாஸ் கோப்புறையைக் கணினியோடு இணைக்கும்போது (மவுன்ட்) 112 என்ற எண்ணோடு சர்வர் படுத்துவிட்டது என்ற பிழை வந்தால், பிங்குக்கு நாஸ் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்கிறதென்றால் பெரும்பாலும் சர்வர் நலமாகவே இருக்கிறது, பதிப்புத்தான் பொருந்தவில்லை. 2017-இல் வந்த 4.13 கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முதல் லினக்ஸும் எஸ்எம்பி 1-ஐ இயல்பாக முயல்வதில்லை என்பதால், பழைய நாஸ்கள் இந்தப் பிழையைத் தருகின்றன.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும்

அதிக நேரத்தை விழுங்கும் படி இது. நாஸைத் திறக்கும்போது, விண்டோஸ் உங்களைக் கேட்காமலே, நீங்கள் கணினிக்குள் நுழைந்த பெயரையும் கடவுச்சொல்லையும் முதலில் அனுப்பிப் பார்க்கிறது. அதோடு பொருந்தும் கணக்கு நாஸில் இல்லையென்றால்தான் உள்நுழைவுப் பெட்டியைக் காட்டும். அந்தப் பெட்டியில் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணைக் கொடுப்பவர்கள் பலர். அந்தப் பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. நாஸுக்கு அதைத் தெரியாது. அங்கே கொடுக்க வேண்டியது நாஸில் உருவாக்கப்பட்ட கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும். சரியாகக் கொடுத்தும் ஏற்கவில்லையென்றால், பயனர் பெயருக்கு முன்னால் நாஸின் பெயரையும் ஒரு பின்சாய்வுக் கோட்டையும் சேர்த்து எழுதுங்கள். இது எந்த இயந்திரத்தின் கணக்கு என்பதை விண்டோஸுக்குத் தெளிவாக்கும்.

சாம்பாவைத் தாமே நிறுவியவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. லினக்ஸ் கணக்கின் கடவுச்சொல்லும் சாம்பாவின் கடவுச்சொல்லும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. ராஸ்பெரி பையில் பயனரை உருவாக்கியபின் smbpasswd என்ற கட்டளையால் சாம்பாவிலும் அவரைச் சேர்த்தால்தான் உள்ளே விடும்.

விண்டோஸின் 1219 என்ற பிழைக்கு வருவோம். ஒரே சர்வரில் ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பயனராக இணைய விண்டோஸ் விடாது என்பதே இதன் பொருள். காலையில் விருந்தினராக ‘பொது’ கோப்புறையைத் திறந்துவிட்டு, மதியம் உங்கள் பெயரில் ‘கணக்கு’ கோப்புறையைத் திறக்க முயன்றால் இது வரும். எக்ஸ்ப்ளோரர் சாளரத்தை மூடினாலும் முதல் இணைப்பு பின்னணியில் உயிரோடு இருக்கும். கட்டளைச் சாளரத்தில் ‘நெட் யூஸ்’ என்று கொடுத்தால் நடப்பில் உள்ள இணைப்புகள் வரிசையாக வரும். அதே கட்டளையோடு நட்சத்திரக் குறியையும் ‘டெலீட்’ சேர்க்கையையும் கொடுத்தால் எல்லாம் அறுபடும். பிறகு கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியைத் திறந்து, நாஸின் பெயரிலும் முகவரியிலும் சேமிக்கப்பட்ட பழைய பதிவுகள் இரண்டையும் நீக்குங்கள். ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை மறப்பவர்களுக்கு மறுநாளும் அதே பிழை வருகிறது. அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: விண்டோஸ் பெயரையும் ஐபி முகவரியையும் இரு வேறு சர்வர்களாகக் கருதுவதால், ஒரு பயனரைப் பெயர் வழியாகவும் மற்றவரை முகவரி வழியாகவும் இணைக்கலாம்.

பிழை எண்களைப் படிக்கவும் பழகிக்கொள்ளலாம். எக்ஸ்ப்ளோரர் காட்டும் நீண்ட எண் 80070035 என்று முடிந்தால், அதன் வாலில் உள்ள 35 பதினாறடிமான எண். பதின்ம முறையில் 53. கட்டளைச் சாளரத்தில் அதே பழுது 53 என்று வருவது இதனால்தான். 53 என்றால் சர்வரையே எட்டவில்லை, முதல் மூன்று படிகளுக்குத் திரும்புங்கள். 67 என்றால் பெரும்பாலும் பகிர்வுக் கோப்புறையின் பெயர் தவறு. 1326 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 5 என்றால் நாஸ் உங்களை அறிந்துகொண்டது, ஆனால் அனுமதிக்கவில்லை. அடுத்த படிக்குப் போக வேண்டும்.

பேக்கப் மென்பொருள்களின் தனிச் சிக்கலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாஸ் கோப்புறையை இசட் டிரைவ் என்று இணைத்து வைத்திருப்பீர்கள்; எக்ஸ்ப்ளோரரில் அது தெரியும்; பேக்கப் மென்பொருளோ அப்படியொரு டிரைவே இல்லை என்று சொல்லும். டிரைவ் எழுத்து, அதை இணைத்த பயனரின் உள்நுழைவுக்கு மட்டுமே உரியது. பின்னணிச் சேவையாக ஓடும் மென்பொருள் வேறொரு கணக்கில் ஓடுகிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறக்கப்பட்ட மென்பொருளுக்கும் சாதாரண உள்நுழைவில் இணைத்த டிரைவ் தெரிவதில்லை. மென்பொருளின் அமைப்பில் டிரைவ் எழுத்துக்குப் பதிலாக இரட்டைப் பின்சாய்வோடு தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்து, நாஸின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அங்கேயே பதியுங்கள்.

அனுமதி

கோப்புறை திறக்கிறது, ஆனால் கோப்பைச் சேமிக்க முடியவில்லை என்றால் இணைப்பில் பழுதில்லை. நாஸில் இரண்டு அடுக்கு அனுமதிகள் உண்டு: பகிர்வுக்கு ஒன்று, அதன் உள்ளிருக்கும் கோப்புறைக்கு இன்னொன்று. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்து, ஒரு குழுவுக்கு வெளிப்படையான மறுப்பு இருந்தால், மற்றக் குழுவின் அனுமதி அவருக்கு உதவாது. அனுமதிகளை ஆராயுமுன் வட்டு நிறைந்துவிட்டதா, அந்தப் பயனருக்கு வைத்த ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

என்எஃப்எஸ் முறை பயனர் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. உங்கள் லினக்ஸ் கணினியில் உங்கள் எண் 1000 ஆகவும், நாஸில் அதே பெயருடைய கணக்கின் எண் வேறாகவும் இருந்தால், நாஸைப் பொறுத்தவரை நீங்கள் வேறொருவர். கோடி என்எஃப்எஸ் வழியாக இணைய மறுத்தால், நாஸின் ஏற்றுமதி அமைப்பில் 1024-க்கு மேற்பட்ட போர்ட்டிலிருந்து வரும் அழைப்புகளை ஏற்கும் விருப்பத்தை இயக்குங்கள். பெயரிலேயே ‘பாதுகாப்பற்றது’ என்று அச்சுறுத்தினாலும், வீட்டுக்குள் அதனால் கேடில்லை.

இணைகிறது, ஆனால் அறுகிறது

பெரிய கோப்பைப் படியெடுக்கும்போது வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவில்லையென்றால், கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட் இணைப்புக்குக் கேபிளின் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு சோடி அறுந்தாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். நலமான கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் கிடைக்கும்.

கோப்புறைப் பட்டியல் உடனே வந்து, பெரிய கோப்பைத் தொட்டதும் உறைந்துபோனால், ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின் அளவைப் பெரிதாக்கும் ஜம்போ ஃபிரேம் அமைப்பைப் பாருங்கள். நாஸிலும் கணினியிலும் அதை 9000 என்று வைத்துவிட்டு, இடையிலுள்ள ஸ்விட்சில் 1500 என்றே விட்டிருந்தால், சிறிய செய்திகள் கடக்கும், பெரியவை தொலையும். எல்லாவற்றையும் 1500-க்குக் கொண்டுவருவதே நிம்மதி. முதல் முறை பிழை வந்து இரண்டாம் முறை திறக்கிறதென்றால், நாஸின் வட்டுகள் உறக்கத்திலிருந்து எழும் வரை மென்பொருள் பொறுக்கவில்லை என்று கொள்ளலாம். உறக்க நேரத்தை நீட்டிவிடுங்கள்.

வெளியூரிலிருந்து

வீட்டுக்குள் எல்லாம் சரியாக நடந்து, வெளியே சென்றால் மட்டும் இணையவில்லை என்பவர்கள் முதலில் ரௌட்டரின் வெளி முகவரியைப் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. ரௌட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீட்டை வந்தடையாது. பொது முகவரியே கிடைத்தாலும் 445 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கக் கூடாது. நிர்வாகப் பக்கத்தையும் திறக்கக் கூடாது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயவைரஸ், இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த கியூநாப் கருவிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாக உள்ளே வருவதே தக்க வழி; டெயில்ஸ்கேல் பொது முகவரி இல்லாத இணைப்பிலும் வேலை செய்யும்.

விபிஎன் இணைந்தும் நாஸ் கிடைக்காதபோது, நீங்கள் தங்கியிருக்கும் இடத்தின் வைஃபையும் 192.168.1 வரிசையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 192.168.1.50-க்கான அழைப்பைக் கணினி வீட்டுக்கு அனுப்பாமல் அந்த அறையிலேயே தேடிக்கொண்டிருக்கும். வீட்டு ரௌட்டரில் 192.168.73 போன்ற, பிறர் அதிகம் பயன்படுத்தாத வரிசைக்கு மாறிக்கொண்டால் இந்த மோதல் அரிதாகும்.

பதிவேடுகள், உதவி கேட்டல்

இத்தனைக்குப் பிறகும் விடை கிடைக்கவில்லையென்றால், கிளையன்டை விட்டுவிட்டு நாஸின் பதிவேட்டைத் திறங்கள். இணைய முயன்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் அங்கே ஒரு வரியாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வரியே இல்லையென்றால் அழைப்பு நாஸை வந்தடையவில்லை அல்லது அந்தச் சேவைக்கான பதிவு அணைந்திருக்கிறது. தவறான பயனர் என்று பதிவாகியிருந்தால், கிளையன்ட் என்ன பெயரை அனுப்பியது என்பதையும் அங்கேயே காணலாம். நீங்கள் தட்டச்சு செய்த பெயருக்குப் பதிலாக உங்கள் மின்னஞ்சல் முகவரி அங்கே இருப்பதைக் கண்டு சிலர் வியப்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கால் கணினிக்குள் நுழைபவர்களுக்கு விண்டோஸ் அதையே முந்திக்கொண்டு அனுப்பியிருக்கும். நேரங்கள் பொருந்தவில்லையென்றால் நாஸின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். டொமைனில் (கணக்குகளை மையச் சர்வர் நிர்வகிக்கும் நெட்வொர்க்கில்) சேர்த்த அலுவலக நாஸ்களில் ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட கடிகார வேறுபாடே உள்நுழைவை மறுக்கப் போதுமான காரணம்.

வேறொருவரிடம் உதவி கேட்பதானால், நாஸின் மாதிரியும் மென்பொருள் பதிப்பும், கணினியின் இயங்குதளப் பதிப்பும், பிழைச் செய்தியின் முழு வாசகமும் எண்ணும், முகவரியால் முயன்றபோதும் பெயரால் முயன்றபோதும் என்ன நடந்தது என்பதும், 445 சோதனையின் விடையும் உங்கள் கேள்வியில் இருக்கட்டும். கடவுச்சொல்லையும் வெளி முகவரியையும் மறைத்துவிடுங்கள். சாம்பாவின் பதிவு அளவை ஆராய்ச்சிக்காக 3-க்கு உயர்த்தியிருந்தால், வேலை முடிந்ததும் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள். மறந்தால் பதிவேடு வளர்ந்து நினைவட்டையை நிரப்பிவிடும்.